"ஒண்டுமில்லை" என்று சொல்லும் மகன்: வாசலடியில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலை ஒன்றில் பல வருடமாக ஆலோசனை ஆசிரியராக இருக்கிறேன். வீட்டிலும் இரண்டு மகன்மார். பெற்றோர் கூட்டங்களில் நான் கண்ட ஒரு விஷயம்: ஒலிவாங்கி கையில் இருக்கும்வரை எல்லாரும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைப் பற்றித்தான் கேட்பார்கள். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஓர் அம்மா ஒதுக்கமாக வந்து, "சேர், இவன் வீட்டில ஒண்டும் கதைக்கிறானில்லை" என்பார். பின்னால் ஓர் அப்பா தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நிற்பார். கேட்கமாட்டார், ஆனால் காது இங்கேதான் இருக்கும். அந்த வாசலடிக் கேள்விகளுக்கு அவசரத்தில் சொல்லி முடிக்காத பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஆண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே உணர்ச்சி குறைவா?

இல்லை. மூன்று மாதக் குழந்தைகளின் அழுகையைப் பிரெஞ்சு, பிரித்தானிய ஆய்வாளர்கள் பதிவு செய்து அளந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண் குழந்தையின் அழுகைக்கும் பெண் குழந்தையின் அழுகைக்கும் சுருதியில் வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட பெரியவர்கள், கனத்த குரலென்றால் ஆண் என்றும் கீச்சுக் குரலென்றால் பெண் என்றும் ஊகித்தார்கள். அதாவது வித்தியாசம் தொட்டிலில் இல்லை, தொட்டிலைச் சுற்றி நிற்கிற எங்கள் காதில் இருக்கிறது.

அப்புறம் நாங்கள் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியும் விடுகிறோம். மகள் படியில் தடுக்கி விழுந்தால், "ஐயோ, நொந்ததா? பயந்திட்டியா?" என்று கேட்கிறோம். ஒரே விழுகையில் அவளுக்கு இரண்டு சொல் கிடைத்துவிடுகிறது. மகன் விழுந்தால், "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, எழும்பு" என்கிறோம். முழங்காலில் இரத்தம் வந்து நிற்கிறது. அவன் நம்பும் பெரியவர் ஒன்றுமில்லை என்கிறார். பத்து வருடம் கழித்து, முகம் கறுத்து வீட்டுக்கு வருகிறான். என்னடா என்று கேட்கிறோம். "ஒண்டுமில்லை." அந்தச் சொல்லை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் எப்பிடி?" என்று கேட்டால் ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறான். எப்படிக் கதைக்க வைப்பது?

கதைக்க வைக்க வேண்டாம். கதைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எனக்கு இது வேலையால் தெரிந்ததல்ல, சொந்தப் பிழையால் தெரிந்தது.

என் மூத்தவனுக்கு ஏழு வயதில் ஒரு ஃபைட்டர் மீன் வாங்கிக் கொடுத்தோம். ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்து வளர்த்தான். ஒரு காலை அது மேலே மிதந்தது. விக்கி விக்கி அழுதான். நான் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அந்த ஞாயிறு உறவினர் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேசையில், "எங்கட வீட்டில செத்தவீடு நடந்ததே, தெரியாதா?" என்று நான் அந்தக் கதையை எடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கையிலிருந்த அப்பளத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக்கொண்டே சிரித்தான், ஆனால் ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவன் என்னிடம் எதற்கும் அழவில்லை. "பரவாயில்லையே, பெரிய பொடியன் ஆகிட்டான்" என்று நான் பெருமைப்பட்டதுதான் வெட்கக்கேடு.

பொடியன்கள் வாயை மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும். சொன்னால் அறிவுரை வரும். சொன்னால் அம்மா வகுப்பாசிரியருக்கு ஃபோன் எடுப்பார். சொன்னால் சின்னம்மாவுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் மாமி, "என்ன தம்பி, ஆரோடயோ சண்டையாம்?" என்று கேட்பார். எந்தப் புத்தியுள்ள பிள்ளை இரண்டாம் முறை சொல்லும்?

ஆகவே முதல் வேலை, அவன் சொல்வது உங்களோடு நிற்க வேண்டும். இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருந்தால், "இதை அப்பாவிட்டச் சொல்லட்டா?" என்று அவனிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இல்லாத விஷயமாக இருந்தால், விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, இடம். நேருக்கு நேர் இருத்திக் கேட்டால் பொலிஸ் விசாரணை போல ஆகிவிடும். பக்கத்தில் பக்கமாக, இரண்டு பேரும் வேறெதையோ பார்த்தபடி இருக்கும்போதுதான் பொடியன்கள் கதைப்பார்கள். மோட்டார்சைக்கிளின் பின்சீற்றில், வெங்காயம் உரிக்கும்போது, கொத்து ரொட்டிக்காகக் கடை வாசலில் நிற்கும்போது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் கடல் வந்துவிடும். தண்டவாளத்துக்கு அங்கால் உள்ள கற்களைப் பார்த்தபடி மரைன் டிரைவில் நடங்கள். ரயில் போகும்போது சத்தத்தில் ஒன்றும் கேட்காது; அந்த இடைவெளியும் நல்லதுதான், அவன் அடுத்த வசனத்தை யோசிப்பான்.

மூன்றாவது, நேரம். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வானில் ஏறிய பிள்ளை, ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, டியூஷனும் முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்காதீர்கள். முதலில் சோறு.

கோபம் வந்தால் பொருட்களை எறிகிறான், கதவை அறைகிறான். தலையணையைக் குத்தச் சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டாம். குத்தினால் கோபம் இறங்கும் என்பது பலரும் நம்பும் பிழை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடுதலாக இருந்தது. சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

எங்களிடம் இதற்கு ஒரு வீட்டுப் பழக்கமும் இருக்கிறது. விழுந்த பிள்ளையைத் தூக்கி, "நிலம்தானே உன்னை விழுத்தினது, போடு அடி" என்று நிலத்துக்கு அடித்துக் காட்டுவோம். பிள்ளை சிரித்துவிடும், எங்களுக்கும் அலுவல் முடிந்தது. ஆனால் நொந்தால் அடி என்ற பாடம் அங்கே போய்விட்டது. என் அம்மாவும் அடித்திருக்கிறா, நானும் அடித்திருக்கிறேன். இதற்காக யாரும் குற்றவுணர்ச்சியில் மூழ்க வேண்டாம். அடுத்த முறை நிலத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பாருங்கள், போதும்.

சரி, என்ன செய்வது? கோபம் முதலில் உடம்புக்கு வரும். காது சுடும், தாடை இறுகும், மூச்சு மேலே நிற்கும். அந்த நேரத்தில் மூளைக்குப் புத்திமதி ஏறாது. உணர்ச்சியை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டும். ஆகவே வாதாடாமல் உடம்பை இறக்குங்கள். முகம் கழுவட்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்கட்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கட்டும். ஐந்தாம் மாடி ஃபிளாட்டில் இருப்பவர்கள் லிஃப்டை விட்டுப் படியால் இறங்கி ஏறட்டும். இதையெல்லாம் கோபம் இல்லாத ஒரு நாளில் சொல்லிப் பழக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக்க முடியாது.

விதி ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: கோபப்படலாம், ஆளுக்கு அடிக்கக்கூடாது, பொருளை உடைக்கக்கூடாது, தூஷணம் கூடாது. உடைத்தால், ஆறிய பிறகு அவனே கூட்டி அள்ள வேண்டும்.

ஆறிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஏனென்றால் பொடியன்களிடம் கோபம் பல நேரம் வேறொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் வகுப்பில் தன் கல்குலேட்டரைச் சுவரில் எறிந்துவிட்டான் என்று என்னிடம் அனுப்பினார்கள். நான் ஏன் எறிந்தாய் என்று கேட்கவில்லை. கழன்ற பட்டன்களை மேசையில் கொட்டி, "இதை முதல்ல பூட்டுவம்" என்றேன். 7 எங்கே போகும், 8 எங்கே போகும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சதவீதப் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல் சொன்னான்: "அண்டர் ஃபிஃப்டீன் டீமில என்ர பேர் இல்லை சேர்." கொஞ்சம் பொறுத்து, "அவன்ர பேர் இருக்கு." அவன் என்றது உயிர்ச் சிநேகிதன். ஏமாற்றம், அவமானம், சிநேகிதன்மேல் பொறாமை, பொறாமைப்படுகிறேனே என்ற வெட்கம், எல்லாம் ஒன்றாக வந்திருக்கிறது. வகுப்பில் அழுதால் பகிடி பண்ணுவார்கள், எறிந்தால் பண்ணமாட்டார்கள். அவன் கணக்கு அவ்வளவுதான். சதவீதப் பட்டன் கடைசிவரை கிடைக்கவில்லை.

தமிழில் உணர்ச்சிகளுக்குச் சொல் போதுமா? மகன் "ஐ ஆம் ஓகே" என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை.

சொல் தாராளமாக இருக்கிறது. பிள்ளையின் காதில் விழுவதுதான் குறைவு. கொழும்புப் பிள்ளைக்கு மூன்று மொழி. வகுப்பில் ஆங்கிலம், வானில் சிங்களம், வீட்டில் தமிழ். அந்த வீட்டுத் தமிழ் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்: எழும்பு, குளி, சாப்பிடு, படி, ஃபோனை வை. ஏவல் வினை மட்டும் கேட்டு வளர்ந்தவன் மனசைச் சொல்ல எங்கே சொல் தேடுவான்?

ஒரு காலத்தில் நாங்கள் இதில் கெட்டிக்காரர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அழுகை இரண்டாவதாகவே வந்துவிடுகிறது, கோபமான வெகுளி ஏழாவது. அழுகைக்கு நான்கு காரணமும் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவுபடுத்துவது இளிவு. இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறாவதை அசைவு என்று உரைகாரர் விளக்குகிறார்கள். ஊரில் முதலாம் பிள்ளையாக வந்து, கொழும்புப் பாடசாலைக்கு மாறி, இங்கே இருபத்தோராவதாக நிற்கும் பொடியனுக்கு நடப்பது அந்த அசைவுதான். ஆம்பிளை அழக்கூடாது என்று அங்கே விதிவிலக்கு எதுவும் கிடையாது.

பேச்சுத் தமிழும் சளைத்ததல்ல. எனக்குப் பிடித்த சொல் 'அந்தரம்'. நிலத்திலும் கால் இல்லை, பிடிக்கக் கிளையும் இல்லை. "எனக்கு அந்தரமா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் பதட்டம், தவிப்பு, என்ன செய்வதென்று தெரியாமை எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. இதற்குச் சமமான ஆங்கிலச் சொல்லை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏக்கம், எரிச்சல், கூச்சம், சலிப்பு, ஏமாற்றம், பதைப்பு, ஆற்றாமை என்று இன்னும் எத்தனையோ.

சொல்லைச் சொல்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். லொஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணர்ச்சி ததும்பும் முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்த ஆய்வை 2007இல் வெளியிட்டார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்தையும் அபாயத்தையும் உணரும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்புக் குறைந்தது. பெயர் வைத்தால் பூதம் கொஞ்சம் சிறுக்கிறது.

கற்பிக்கிறேன் என்று படம் வரைந்து ஃபிரிஜ்ஜில் ஒட்டாதீர்கள். அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். நீங்களே சொல்லுங்கள். "இண்டைக்கு பஸ்ஸில கொண்டக்டர் எல்லாருக்கும் முன்னால பேசிப்போட்டான், எனக்கு அவமானமாப் போச்சு." அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அவன் முகம் வாடி வந்தால் இரண்டு சொல்லை நீட்டுங்கள்: "எரிச்சலா, இல்லாட்டி ஏமாற்றமா?" ஒன்றை எடுப்பான், அல்லது "ரெண்டும் இல்லை" என்று மூன்றாவதைச் சொல்வான். "என்ன ஃபீல் பண்ணுறாய்?" என்று திறந்த கேள்வி கேட்டால் தோளைக் குலுக்குவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

எத்தனை வயதில் தொடங்குவது?

கதைக்கத் தொடங்கும்போது. தவறவிட்டிருந்தால் இன்றைக்கு.

உணர்ச்சியை வெளிப்படுத்துவது என்றால் எங்கும் எதையும் கொட்டுவதா? இப்படி வளர்த்தால் வெளியுலகில் பிழைப்பானா?

கொட்டுவது வேறு. தனக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்கு ஒரு சொல் வேண்டும், அதை யாரிடம் எந்த நேரம் சொல்வது என்ற நிதானம் வேண்டும். பஸ்ஸில் அழுகை வந்தால் வீடு வரும்வரை பிடித்துக்கொள்வதில் தவறேயில்லை. வீடு வந்த பிறகும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தால்தான் பிரச்சினை. இப்படி வளர்ந்தவன் மென்மையாகிவிடுவான் என்ற பயம் அப்பாமாருக்கு உண்டு. பிழைப்பதற்கு வேண்டிய பல விஷயம், கோபக்கார மேலாளருக்கு நிதானமாகப் பதில் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்பது, கலியாணம் முடித்த பிறகு மனைவியோடு ஒரு கஷ்டத்தைக் கதைப்பது எல்லாம் இதே பழக்கத்தில்தான் நிற்கின்றன. எதற்கும் வாய் திறக்காத ஆண்களைச் சுற்றியுள்ளவர்கள் படும் பாட்டை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோமே.

மகன் அழுதால், "ஆம்பிளைப் பிள்ளை அழுறதோ?" என்று அப்பப்பா அதட்டுகிறார். பெரியவரோடு எப்படி மல்லுக்கட்டுவது?

மல்லுக்கட்ட வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் பெரியவரைத் திருத்தினால் இரண்டு பேருக்கும் அவமானம். பிள்ளையை அணைத்து, "அவருக்கு நீங்கள் அழுறதைப் பார்க்கக் கவலை, அதான் அப்பிடிச் சொல்லுறார்" என்று அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். இது பொய்யுமல்ல. அந்தத் தலைமுறை அதட்டுவது பெரும்பாலும் அந்தரத்தில்தான்.

அவர்கள் எதையெல்லாம் அழாமல் கடந்தார்கள் என்றும் பாருங்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடு எரிந்து, அகதி முகாமில் படுத்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கியவர்கள் எத்தனை பேர். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று கல்லாய் இருந்தார்கள். அன்றைக்கு அது தேவைப்பட்டது. பிறகு அந்தக் கல்லை இறக்கி வைக்க யாரும் சொல்லவில்லை, இடமும் இருக்கவில்லை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேரன், பள்ளிக்கூடக் குடும்ப வரலாற்று வேலைக்காக அப்பப்பாவிடம், "கப்பலில போகேக்க நீங்கள் என்ன கொண்டுபோனீங்கள்?" என்று கேட்டிருக்கிறான். பயமா இருந்ததா என்று கேட்கவில்லை, பொருளைத்தான் கேட்டான். "ஒரு பெட்சீற்றும் உன்ர அப்பாவின்ர பால்போத்தலும்" என்றாராம் கிழவர். அதற்கு மேல் குரல் வரவில்லை. பேரன் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதன்பிறகு அந்த வீட்டில் அதட்டல் குறைந்துவிட்டது என்று மருமகள் சொன்னார்.

அப்பா கட்டாரில். வாரம் இரண்டு கோல். அதில் "படிச்சியா, அம்மா சொல்லுறதைக் கேக்கிறியா" மட்டும்தான்.

அது கோல் அல்ல, தேர்ச்சி அறிக்கை. அப்பாவிடம் சொல்லுங்கள்: குறுகிய வாய்ஸ் நோட் அனுப்பட்டும். "இண்டைக்குச் சூடு தாங்கேலாமக் கிடந்தது, மத்தியானம் உங்கள் எல்லாரையும் நினைச்சு ஒரே ஏக்கமாப் போச்சு" என்று முப்பது விநாடி. பொடியன் உடனே பதில் போடமாட்டான். ஆனால் வாய்ஸ் நோட்டில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் பல பிள்ளைகளுக்கு அது மரைன் டிரைவ் நடை மாதிரி. இரவு பத்து மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து பதில் வரும்.

அப்பாவே இல்லாத வீடாக இருந்தால், மாமாவோ கிரிக்கெட் கோச்சோ யாராவது ஒரு பெரிய ஆண், "எனக்கும் கவலை வரும்" என்று சொல்வதை அவன் ஒருதரம் கேட்டால் போதும். அம்மாவால் மட்டும் வளர்க்க ஏலாது என்று சொல்லவில்லை. எத்தனையோ அம்மாமார் தனியாகவே அருமையாக வளர்க்கிறார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. பயமில்லை என்கிறான், ஆனால் காலையில் வயிற்றுக்குத்து.

வயிறு உண்மையைச் சொல்கிறது. பத்து வயதில் பயம் வாயால் வருவதற்கு முன் வயிற்றால் வரும்; தலையிடி, சத்தி, நகம் கடிப்பது எல்லாம் அதே கதைதான். டொக்டரிடம் ஒருதரம் காட்டுங்கள். உடம்பில் குறையில்லை என்றால், "நடிக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், வலி நிஜம். இருநூறு புள்ளியில் எத்தனை எடுப்பான் என்று வீட்டில் பெரியவர்கள் அவன் காதுபடப் பந்தயம் கட்டுவதை நிறுத்தினாலே சில பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். முடிவு வந்த பிறகு அவன் புள்ளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவனிடம் கேளுங்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தாலும் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அடித்தார் என்று சொல்கிறான். அடித்தால்தானே உறுதியாக வளர்வான் என்று சிலர் சொல்கிறார்கள்?

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் உள்ள உரிமை மீறப்பட்டது என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கச் சொன்னது. சட்டம் ஒரு பக்கம். அவன் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான் அல்லவா? "நீ என்ன செய்தனி?" என்று முதல் கேள்வி கேட்டால் அடுத்த முறை சொல்லமாட்டான். முதலில், "எங்க அடிச்சவர், காட்டு." மற்றதெல்லாம் பிறகு.

எப்போது வெளி உதவி தேட வேண்டும்? கொழும்பில் எங்கே போவது?

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ மாறியிருந்தால், விரும்பிய விளையாட்டை விட்டுவிட்டால், சிநேகிதரைத் தவிர்த்தால், எந்நேரமும் சீறினால் கவனியுங்கள். பதின்வயதுப் பொடியன்களிடம் மனச்சோர்வு கவலை முகத்தோடு வராமல் எரிச்சலாக வருவது சாதாரணம். அதனால்தான் "திமிர் பிடிச்சிட்டுது" என்று தவறவிடுகிறோம். தன்னைக் காயப்படுத்தினால், அல்லது "நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் இரண்டு கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேடுங்கள். "சாகவேணும் போல நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். இலங்கையில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள்தான் பெரும்பான்மை என்பதை மறந்துவிட வேண்டாம்.

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. மூன்று மொழியிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் முன்பின் தெரியாத ஒருவர் மனம் விட்டுக் கேட்பார். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. வளர்ந்தவனுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை, ஆனால் விடியவே போங்கள், வரிசை நீளம்.

"ஃபைலில விசர் எண்டு எழுதிப்போடுவினமோ, நாளைக்குக் கலியாணம் பேசேக்க பிரச்சினை வருமோ?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா கேட்டார். கிளினிக் கொப்பி உங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும்.

மகனுக்குப் பதினேழு வயது. நானும் அவனும் இதுவரை மனம் விட்டுக் கதைத்ததேயில்லை. பிந்திவிட்டதா?

இதைக் கேட்டது தலைக்கவசத்தோடு நின்ற ஓர் அப்பாதான். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிறார். மகனை உயர்தர டியூஷனுக்கு வெள்ளவத்தைக்கு ஏற்றி இறக்குவது அவர்தான். போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம், ஒரு சொல் இல்லை. "என்னத்தைச் சொல்லுறது சேர்?" என்றார். உங்களைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லுங்கள், அவனைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றேன்.

காலிமுகத்திடல் தாண்டும்போது, முன்னால் பார்த்தபடியே, "எனக்கும் ஏ.எல் நேரம் சரியான பயம். இரவில நித்திரை வராது" என்று சொல்லியிருக்கிறார். பின்னாலிருந்து பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. இது வேலைக்காகாது என்று எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். விட்டுப் பிடியுங்கள் என்றேன், எனக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு. பின்சீற்றிலிருந்து ஒரு குரல்: "அப்பா, அப்ப உங்களுக்குக் கெமிஸ்ட்ரிக்கு என்ன ரிசல்ட்?"

"ஃபெயில்" என்றாராம். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.